அட்டையில் ஒரு பேருந்து நிறுத்தம்

மார்ச் பதினான்கு, வியாழன், காலை ஒன்பதே கால்; ஹவானாவில் சுள்ளென்ற வெயில். குறும்படத்துக்காக அட்டையை ஒட்டி, காப்பிக் கசடால் துரு நிறமேற்றிய பேருந்து நிறுத்தப் பலகையைத் தெருமுனையில் நட்டுவிட்டு, மாணவி யானெலிஸ் கேமராவை எடுத்துவரப் போனாள். திரும்பியபோது பலகையின் கீழ் நீண்ட வரிசை நின்றிருந்தது.

“கடைசி யாரு?” என்று கேட்டபடி இன்னொருவரும் அதில் சேர்ந்துகொண்டார்.

“கொஞ்சம் நகருங்க, படம் எடுக்கணும். இது நிறுத்தமே இல்ல, நான் செஞ்ச அட்டை.”

“எங்கள விரட்டிட்டு முன்னால நிக்கப் பாக்குறியா, கண்ணு?” என்றாள் குடை பிடித்திருந்த பெண்மணி. “நாங்க பாக்காத தந்திரமா?”

யானெலிஸ் பலகையைப் பிடுங்கப் போனாள். காவலர் ஒருவர் குறுக்கே வந்து நின்றார்.

“இது பொதுச்சொத்து. போக்குவரத்து ஆபீஸ் உத்தரவோட வா, அப்புறம் பிடுங்கு.”

மாலைக்குள் கேமராவைக் கல்லூரியில் ஒப்படைத்தாக வேண்டும். தவறினால் படமும் இல்லை, பட்டமும் இல்லை. அலுவலகத்துக்கு ஓடினாள்.

“அது போலிங்கய்யா. காலைலேருந்து ஒரு பஸ்கூட வரல. நீங்களே விசாரிச்சுப் பாருங்க.”

அதிகாரி ஆளனுப்பி விசாரித்தார். பஸ் வரவில்லை என்பது உறுதியானது. பொறுமையாக எழுதி, கையெழுத்திட்டு, முத்திரை குத்தி, ஆணையை அவளிடம் நீட்டினார்.

“பலகையை அகற்ற அனுமதி இல்லை. பேருந்து வராமை, நிறுத்தம் போலி என்பதற்குச் சான்றாகாது.”