பதினோரு நிறுத்தம்

"கொஞ்சம் நில்லுங்கண்ணே! மூச்சு வாங்குது."

கால் பனியில் புதையாமலிருக்கக் கட்டிய அகலமான பனிமிதியடிகளோடு, மரீஸ் இரண்டு குச்சிகளையும் ஊன்றிக்கொண்டு குனிந்து நின்றாள். கிளம்பி அரை மணிகூட ஆகவில்லை, அதற்குள் இது மூன்றாவது தடவை.

"ஏம்மா, உடற்பயிற்சிக்கு வந்தீங்களா, நின்னு வேடிக்கை பார்க்க வந்தீங்களா?" என்றார் பின்னால் வந்த ஒதிலோன்.

"இப்பத்தானே பழகறேன். குளிர்காலம் பூரா வீட்டுக்குள்ளயே கிடந்தா ஊதிப் போயிடுவே, பனிமிதியடியைக் கட்டிக்கிட்டு நடன்னு டாக்டர் சொல்லிட்டார். உங்களுக்கென்ன, அதை மாட்டிக்கிட்டே பிறந்தவர்."

அந்தப் பேச்சு ஒதிலோனுக்குப் பிடித்திருந்தது. மீசையில் உறைந்திருந்த பனியைத் தட்டிவிட்டு, அவளுக்காகக் காத்து நின்றார்.

அவருக்கு அறுபத்தொன்பது வயது. அக்டோபரில் மாரடைப்பு வந்து பிழைத்தவர். குன்றின் உச்சியில் இருக்கும் மரக்குடிலுக்கு ஐம்பது வருடமாக ஒரு குளிர்காலம் விடாமல் ஏறியவர், இந்த வருடம் இன்னும் ஏறவில்லை. ஜனவரியில் ஒருநாள் யாருக்கும் சொல்லாமல் கிளம்பி, எங்கும் நிற்காமல் விறுவிறுவென்று ஏறி, பாதி வழியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பனிச்சறுக்குக்கு வந்தவர்கள் பார்த்துக் கீழே கொண்டுவந்து சேர்த்தார்கள். அன்றே அவர் மனைவி ஜினெட் மிதியடிகளைப் பூட்டி வைத்துவிட்டாள்.

போன வாரம்தான் கொஞ்சம் இறங்கி வந்தாள். "நம்ம ஊருக்குப் புதுசா குடிவந்திருக்காளே மரீஸ், அவளுக்கு நடக்கப் பழகணுமாம். அவளைக் கூட்டிட்டுப் போறதா இருந்தா எடுத்துக்குங்க. இன்னொரு தடவை நெஞ்சு வலின்னு வந்து நின்னீங்க, மிதியடியை யாருக்காவது தூக்கிக் கொடுத்துருவேன். அப்புறம் சாகிற வரைக்கும் ஜன்னல் வழியா குன்றைப் பார்த்துக்கிட்டு உட்கார வேண்டியதுதான்."

ஜினெட் சொன்னால் செய்வாள் என்று அவருக்குத் தெரியும்.

"தள்ளுங்கம்மா, என் முறை" என்றார் ஒதிலோன். "புதுப் பனியில முன்னால போறவங்கதான் மிதிச்சுப் பாதை போடணும். கொஞ்ச தூரம் போனதும் ஒதுங்கி அடுத்த ஆளுக்கு விடணும். இங்க அதுதான் வழக்கம்."

"நானே மிதிக்கிறேண்ணே. வேர்க்க வேர்க்க நடக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்கார்."

"வந்த அன்னிக்கே வழக்கத்தை மாத்தறீங்க. பாதையைப் பாருங்க, குடிச்சவன் போன மாதிரி கோணிக்கிட்டுப் போகுது."

"குடிச்சவனும் வீடு போய்ச் சேர்றானில்ல?"

ஒதிலோன் வாய்விட்டுச் சிரித்தார்.

அதற்குப் பிறகு வார் தளர்ந்துவிட்டது என்று ஒரு தடவை நின்றாள். ஏதோ பறவை கத்துகிறது என்று ஒரு தடவை. தேநீர் குடிக்க ஒரு தடவை. ஏற்றம் செங்குத்தான இடத்தில் பொத்தென்று விழுந்தாள்.

"மிதியடிக்குப் பின்னால நீட்டிக்கிட்டிருக்கிற வாலை நானே மிதிச்சிட்டேன்!"

"மாதாவே! மெதுவா எழுந்திருங்க. ஒண்ணும் அவசரமில்ல." அவர் பக்கத்தில் சாய்ந்துகிடந்த மரத்தின் மீது உட்கார்ந்துகொண்டார். "நான் தனியா வந்திருந்தா இந்நேரம் உச்சியில உட்கார்ந்து பட்டாணி சூப் குடிச்சிருப்பேன்."

"நீங்க போங்களேன், நான் பின்னாலயே வர்றேன்."

"பனியில ஆளை விட்டுட்டுப் போற பழக்கம் எங்க வம்சத்துலயே கிடையாது" என்றார் கண்டிப்பாக.

உச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது நண்பகலாகிவிட்டது. குடிலின் புகைபோக்கியில் புகை வந்துகொண்டிருந்தது. கீழே ஆறு உறைந்து வெள்ளையாகக் கிடந்தது. ஒதிலோன் தொப்பியைக் கழற்றினார். இனி இந்த இடத்தைப் பார்க்கவே முடியாதோ என்று நாலு மாதமாக உள்ளுக்குள் பயந்துகொண்டிருந்தவர். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"காத்து கண்ணுல குத்துது" என்றார்.

"ஆமாண்ணே, எனக்கும்தான்" என்றாள் மரீஸ்.

வீடு திரும்பியபோது ஜினெட் வாசலிலேயே நின்றிருந்தாள். அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"நெஞ்சு?"

"நெஞ்சுக்கென்ன, கல்லு மாதிரி இருக்கு. பொறுமைதான் போச்சு. பதினோரு தடவை நின்னா உன் மரீஸ். பதினோரு தடவை!"

"அடப் பாவமே. அப்ப அடுத்த வாரம் வேண்டாம்னு சொல்லிரட்டுமா?"

"சேச்சே! நான் போகலைன்னா அவளுக்காக வேற யாரு நின்னு நின்னு வருவாங்க?"

அவர் கூடத்தில் போய்க் கணப்பின் பக்கத்தில் உட்கார்ந்ததும், ஜினெட் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு தொலைபேசியை எடுத்தாள்.

"மரீஸ், உன் பேர்ல மாதாவுக்கு மெழுகுவத்தி ஏத்தப் போறேன். பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் உட்காரணும்னு டாக்டர் தலைபாடா அடிச்சுக்கிட்டார், இந்த மனுஷன் கேட்டாத்தானே? பனிமிதியடி ஓட்டப் பந்தயத்துல மாகாணத்துக்கே முதலா வந்தவ நீ, இவருக்காக விழுந்து விழுந்து எழுந்திருக்கே. தப்பித்தவறி அவருக்குத் தெரிஞ்சுது, மானம் போச்சுன்னு மறுபடி தனியாக் கிளம்பிருவார்."

கூடத்தில் ஒதிலோன், மரீஸ் என்ற பெயரைக் கேட்ட அன்றே தேடி எடுத்து ஒளித்துவைத்திருந்த போன வருடத்துப் பத்திரிகையைப் பிரித்தார். கோப்பையோடு சிரித்துக்கொண்டிருந்த அவள் படத்தைப் பார்த்துத் தானும் சிரித்தார். இது ஜினெட் கண்ணில் பட்டு, நமக்கு எல்லாம் தெரியும் என்று அவளுக்குப் புரிந்துவிட்டால், அடுத்த வாரம் மூச்சு வாங்கும்போது நிற்க நமக்கு ஒரு சாக்கும் இருக்காதே என்று, அதைச் சுருட்டிக் கணப்புக்குள் போட்டார்.