மாசத்துக்கு மூணு ட்யூப்

"இந்த மாசத்துலயே இது மூணாவது ட்யூபுங்க ஐயா!"

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் கோகிலவாணிக்குத் தலை சுற்றியது. எதிரே நின்ற சென்னிமலைக்கு அறுபத்தைந்து வயதாவது இருக்கும். ஆடு மேய்த்தே கருத்த முகம், நெற்றியெல்லாம் வரிவரியாகச் சுருங்கிக் கிடந்தது. மேச்சேரியிலிருந்து சூரமங்கலம் வரை பஸ் ஏறி வந்து, வெயில் தின்ற முகத்துக்குப் போடுகிற விட்டமின் சி கிரீம் கேட்கிறார். முதல் தடவை, மகளுக்கோ மருமகளுக்கோ என்றுதான் அவள் நினைத்தாள்.

"உங்க ஊர்லயே கிடைக்குமேங்க?"

"அங்க வாங்குனா ஊரே சிரிக்கும் அம்மிணி."

"ஒரு ட்யூப் ரெண்டு மாசத்துக்கு வருமுங்க. எப்படிப் போடறீங்க?"

"காலைல, மத்தியானம், பொழுதோட. ஆட்டுப் புண்ணுக்கு மருந்து பூசற மாதிரி, நல்லாத் தடியாத்தான் பூசறேன்."

அடக் கடவுளே! அதான் கன்னம் ரெண்டும் சிவந்து தோல் உரிகிறதா?

கல்லாவில் இருந்த முதலாளி அருணகிரி சிரித்தார். "ஐயாவுக்குப் பொண்ணு கிண்ணு பாத்திருக்காங்களோ என்னமோ!"

சென்னிமலை தலையைக் குனிந்துகொண்டார். கோகிலவாணிக்கும் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் அந்த மனுஷனைப் பார்த்தால் மினுக்கிக்கொண்டு திரிகிறவராகவும் தெரியவில்லை. சட்டையில் ரெண்டு பொத்தானைக் காணோம். தலை எண்ணெயைப் பார்த்து எத்தனை நாளாயிற்றோ! முகத்துக்கு மட்டும் எதற்கு இந்தப் பாடு? அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"இதப் போட்டா தோலு கொஞ்சம் தெளியும், அவ்வளவுதானுங்க. அதுக்கே மூணு மாசம் ஆகும். வயசெல்லாம் கொறைஞ்சுராதுங்க."

"கொறையாதா? ஒரு முப்பது வருசம் கொறைஞ்சாப் போதும் சாமி. வெல ஜாஸ்தியா வேற ஏதாச்சும் இருந்தாக் குடு. ரெண்டு ஆட்ட வித்தாச்சும் வாங்கிக்கறேன்."

"ஆட்ட வித்து அழகாகி, யாருக்குங்க காட்டப் போறீங்க?" பொறுக்கமாட்டாமல் கேட்டேவிட்டாள்.

"என்ர ஊட்டுக்காரிக்குத்தான்."

"இந்த வயசுலயா!" அருணகிரிக்குச் சிரிப்பில் இருமலே வந்துவிட்டது.

சென்னிமலை துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அவளுக்கு ஞாபகம் தப்பிப் போச்சுங்க. முப்பது வருசத்துக்கு முந்தி இருந்த என்ர மொகந்தான் நெனப்புல நிக்குது. தெனமும் நான் ஊட்டுக்குப் போனா, 'ஏனுங்க, என்ர ஊட்டுக்காரரு ஆட்ட ஓட்டிட்டுப் போயிருக்காருங்க, அவரு வந்தப்பறம் வாங்க'ன்னு வாசல்லயே நிக்க வெச்சர்றாளுங்க."