கட்டிலில் இருப்பவர்

2026 மார்ச் ஒன்பதாம் நாள் காலை பத்து மணிக்கு, சுகந்தி தன் அறைக் கதவைத் தாழிட்டுவிட்டு, கணினி நெட்வொர்க் சான்றிதழ்த் தேர்வை இணையவழியில் எழுத மடிக்கணினியின் முன் அமர்ந்தாள். மாத இறுதிக்குள் தேறாவிட்டால் வேலை இல்லை என்று அலுவலகம் எழுதியே கொடுத்திருந்தது. தேர்வெழுதும் அறையில் வேறெவரும் இருக்கக் கூடாது என்பது விதி. ஆகவே கேமராவை மெல்லத் திருப்பி, நான்கு சுவர்களையும் மேசையின் அடிப்புறத்தையும் பின்னாலிருந்த கட்டிலையும் காட்டினாள்.

"மேடம், கட்டில்ல உக்காந்திருக்கிறவரை வெளிய போகச் சொல்லுங்க," என்றான் எங்கோ இருந்து கண்காணித்த இளைஞன்.

அவளுடைய திரையில் கட்டில் காலியாகவே இருந்தது.

"யாரும் இல்லையே தம்பி."

"விளையாடாதீங்க மேடம். கண்ணாடி போட்டிருக்கார், நீலக் கட்டம் போட்ட சட்டை. வாயசைச்சுக்கிட்டே இருக்கார். விடை சொல்லித் தர்றாரா?"

அந்தக் கட்டிலில் அமர்ந்துதான் அவள் கணவன் எட்வின் இந்தப் பாடத்தை அவளுக்குக் கற்பித்தான். பாதிப் பாடத்தில் இறந்துபோனான்.

சுகந்தி திரும்பிப் பார்க்கவில்லை. திரையை நெருங்கி, "என்ன சொல்றார்னு கேக்குதா தம்பி?" என்றாள்.

"சத்தம் வரல. ஒரே வார்த்தையைத் திருப்பித் திருப்பிச் சொல்ற மாதிரி இருக்கு. அவர் வெளிய போனாத்தான் தேர்வு, மேடம். இல்லேன்னா ரத்து பண்ணிடுவேன்."

"அவர் இருக்கட்டும்."

தேர்வு ரத்தாயிற்று. நகரத்துத் தேர்வு மையத்தில் மறுநாளே இடம் இருப்பதாகத் திரை தெரிவித்தது. சுகந்தி அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. மாதத்தின் கடைசி நாளில், அதே அறையில், அதே கேமராவின் முன் எழுதுவதாகப் பதிவு செய்தாள்.