முறிந்த மட்டை

குனிந்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது, குனிந்திருக்கக் கூடாது.

முந்தின நாள் காற்றில் முறிந்த பேரீச்ச மட்டை ஒன்று பாதையின் குறுக்கே, முகத்தின் உயரத்துக்குத் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் அடியில் விரல் நீளத்துக்கு முட்கள். முன்னால் குடத்தோடு போன மூன்று பேரும் அதில் மோதினார்கள். ஒருவனுக்கு நெற்றி கிழிந்தது.

நான்காவதாகப் போன அவன் மட்டும் குனிந்து போனான்.

லகாஷ் நகரத்துக் கோவில் தோட்டத்தில் தண்ணீர் சுமக்கிற யாருக்கும் கண் கிடையாது.

கோவிலுக்குக் கருணை அதிகம். போரில் பிடிபட்ட கிஷ் நகரத்துக்காரர்களை அது கொல்வதில்லை. காய்ச்சிய வெண்கல ஊசியால் கண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு, சாகும்வரை வாற்கோதுமைக் கஞ்சி ஊற்றுகிறது. கால்வாயிலிருந்து மரத்துக்கு முப்பத்துநான்கு எட்டு. அதற்குக் கண் எதற்கு? கண் இருந்தால் ஓடத்தான் தோன்றும்.

அவனுடைய முறை வந்தபோது ஊசி ஆறிப்போயிருந்தது. ஊசி பிடித்தவனுக்குச் சாப்பாட்டு நேரம். வலது கண் போயிற்று. இடது கண்ணில் இமை மட்டும் வெந்தது.

அந்தக் கண்ணை ஒன்றரை வருஷமாகச் சேறு பூசி மறைத்து வைத்திருந்தான்.

ஓடுவதற்காக அல்ல.

வெயில் ஏறும் முன்பு நெசவுக்கூடத்துப் பெண்கள் கம்பளி அலசக் கால்வாய்க்கு வருவார்கள். அவர்களில் ஒருத்தி நின்பண்டா. கிஷ்ஷில் அவனுக்கு மனைவியாக இருந்தவள். ஒரு நாளைக்கு ஒரு தடவை அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் அந்தக் கண்ணுக்கு வேலை.

பார்க்கக் கூடாததையும் அது பார்த்தது.

கங்காணி லூபாவு அவள் தோளில் கைபோட்டுக்கொண்டு நடப்பான். அவள் அவனைப் பார்த்துச் சிரிப்பாள். சிரிக்காத பெண்களின் முதுகில் பிரம்பு விழும் என்பது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். தண்ணீர் சுமக்கிறவர்களின் பக்கத்தில் வரும்போது மட்டும் அவள் சத்தம் வராமல் சிரிப்பாள்.

பழைய புருஷனுக்குத் தெரியக் கூடாதாம்.

அவனுக்கு வயிறு எரியும். இன்றைக்கும் அடி விழவில்லை என்று ஆறுதலாகவும் இருக்கும். இரண்டையும் குடத்தோடு சுமந்துகொண்டு போவான்.

இன்றைக்கு அவன் குனிந்ததைக் கங்காணி பார்த்துவிட்டான்.

அவனை மட்டும் நிறுத்தினான். இடது கண்ணுக்கு நேரே அரிவாள் நுனியைக் கொண்டுவந்தான். அவன் இமைக்கவில்லை. ஒன்றரை வருஷமாகப் பழகியது அதைத்தானே.

கங்காணிக்குத் திருப்தி இல்லை. கால்வாயைப் பார்த்துக் கைதட்டினான்.

"நின்பண்டா, இங்க வா. உன் பழைய ஆளுதானே? கிட்டப் போய்ப் பாத்துச் சொல்லு, கண்ணு தெரியுதா இல்லையான்னு. பொய் சொன்னா உன் கண்ணும் போயிரும்."

அவள் வந்தாள். ஈரக் கம்பளியின் வாடையும் வந்தது. இரண்டு கைகளாலும் அவன் முகத்தைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய மூச்சு அவன் மேல் பட்டது.

தூரத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அவள் கழுத்தில் ஒரு நீல மணி இருந்தது. நேற்று இல்லாதது. கைதிப் பெண்களுக்கு யாரும் மணி கொடுப்பதில்லை.

கண் ஒரு நொடி அதில் போய் நின்றுவிட்டது.

அவள் கை அவன் முகத்தை விட்டுவிட்டு, மெல்ல இறங்கி, கழுத்து மணியை மூடிக்கொண்டது.

"தெரியலைங்க" என்றாள் கங்காணியிடம். "ஓலைச் சத்தம் கேட்டுக் குனிஞ்சிருப்பாருங்க."

கங்காணி அவளை நம்பினான். ஒன்றரை வருஷமாகத் தன்னைப் பார்த்துச் சிரித்தவள் அல்லவா.

மறுநாள் அவள் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு வந்தாள். கழுத்தில் மணி இல்லை. கங்காணி துணியை இழுத்து எறிந்தான். அவள் சிரிக்க முயன்றாள். உதடு பிரிந்தது, சிரிப்பு வரவில்லை. அவள் கண் தண்ணீர்க் குடங்களின் பக்கம் ஓடி ஓடித் திரும்பியது.

பிரம்பு விழுந்தது.

அதற்கடுத்த நாளும் விழுந்தது. நேற்றைய காயத்தின் மேலேயே விழுந்தது. அவன் குடத்தோடு நடந்துகொண்டே ஒவ்வோர் அடியையும் பார்த்தான். இந்தக் கண் இருக்கும்வரை அவளால் சிரிக்க முடியாது. சிரிக்காமல் அவள் எத்தனை நாள் இருப்பாள்?

மூன்றாம் நாள் கால்வாயில் குடத்தை நிரப்பியதும், கண்ணில் இருந்த சேற்றை நன்றாகக் கழுவினான்.

பெண்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். நான்காவதாக அவள். முதுகை நிமிர்த்த முடியாமல் நடந்தாள். முகம் வீங்கியிருந்தது. முழுசாக ஒரு தடவை பார்த்துக்கொண்டான்.

பிறகு குடத்தைத் தோளில் ஏற்றினான்.

மட்டையை இன்னும் யாரும் வெட்டவில்லை. குருடர்கள் நடக்கிற பாதைதானே.

கால்வாயிலிருந்து அது பத்தொன்பதாவது எட்டு. ஒரு கையால் குடத்தைப் பிடித்துக்கொண்டான். மற்றக் கையின் இரண்டு விரல்களால் இடது இமையை அகலத் திறந்து பிடித்தான்.

பதினேழு.

பதினெட்டு.

குனியவில்லை.