ஊதாக் கோடு

மலைப் புல்வெளி ஊற்றருகே யார் முதலில் கூடாரத்தின் உச்சி வளையத்தை இறக்குகிறார்களோ, கோடை முழுக்க அந்த இடம் அவர்களுடையது. ஐந்து வருடமாகப் பக்கத்து வீட்டு ஓர்மோன்தான் முதல்.

இந்த முறை கிளம்பும் காலையில் ஜாங்கிலின் சைட்கார் மோட்டார் சைக்கிள் பின்னால் கடகடத்தது. முற்றத்திலேயே பின்சக்கரத்தைக் கழற்றினாள். திரும்ப மாட்டும்போது நிலை மாறக்கூடாதென்று, மகளின் ஊதா நகப்பூச்சால், சக்கரத்தைச் சுழற்றும் ஷாஃப்டிலும் அதன் இணைப்பிலும் கோடு போட்டு, ஷாஃப்டை உருவினாள்.

ஓர்மோன் லாரியிலிருந்து கத்தினான்: “அக்கா, அத விட்டுட்டு கழுதையப் பூட்டுங்க!”

“உன் லாரி ஆத்துல இறங்காது, நீ பாலத்தச் சுத்திட்டு வா தம்பி. ஊத்துல டீ போட்டு வைக்கிறேன்.”

பழைய கிரீஸைத் துடைத்தாள். அடியில் இன்னொரு ஊதாக் கோடு காய்ந்திருந்தது. வாங்கிய நாள்முதல் அந்த ஷாஃப்டை யாரும் கழற்றியதில்லை. புது கிரீஸ் தடவி, கோடுகளை நேராக்கி மாட்டினாள். வண்டி சத்தமின்றி ஓடியது.

வளையத்தை ஏற்றிக்கொண்டு ஆற்றில் இறங்கி, கரையேறி, ஊற்றை அடைந்தாள். அங்கே யாருமில்லை.

“நான்தான்டா முதல்!” என்று மலையே அதிரக் கூவினாள்.

ஊற்றோரப் பாறையில் ஓர் ஊதாக் கோடு ஈரமாக மின்னியது. நகப்பூச்சுக் குப்பி வீட்டு ஜன்னலில் இருந்தது. வளையத்தைத் தூக்கினாள். அதன் விளிம்பிலும் ஒரு கோடு.

ஜாங்கில் இரண்டு கோடுகளையும் நேராக்கி, வளையத்தை இறக்கினாள். கீழே லாரியின் ஹாரன் கேட்டது. அவள் டீக்குத் தண்ணீர் மொண்டாள்.