பத்துச் சிவப்புக் கட்டைகள்

எங்கள் அம்மா ஒரு பல்கலைக்கழகத்தையே ஏமாற்றியவள் என்பது, அதே பல்கலைக்கழகத்தில் எனக்கு மேற்படிப்புக்கு இடம் கிடைத்த அன்றுதான் தெரிந்தது.

கடிதத்தைக் காட்டினேன். குலவையிட வாயைத் திறந்தவள், பாதியில் மூடிக்கொண்டாள்.

"என்ன படிப்புன்னு சொன்னே?"

"குழந்தை வளர்ச்சி. ரகீதா மிஸ்தான் இப்போ துறைத் தலைவி. நான் சின்னப் பிள்ளையா இருந்தப்போ நம்ம வீட்டுக்கு வருவாங்களே, அவங்க."

அம்மா அப்படியே மெத்தையில் உட்கார்ந்துவிட்டாள். "போச்சு!"

"என்னம்மா போச்சு?"

"உனக்கு அப்போ ஒண்ணரை வயசு. நம்ம தெருப் பிள்ளைங்க எப்படி வளருதுன்னு ஆராய்ச்சி பண்ண, இர்பித்ல இருந்து பஸ் ஏறி மாசா மாசம் நம்ம ரம்தாவுக்கு வருவாங்க. முதல் தடவை வந்தப்போ பத்துச் சிவப்புக் கட்டையைக் கொட்டி உன்னை அடுக்கச் சொன்னாங்க. நீ என்ன பண்ணே?"

"என்ன பண்ணேன்?"

"எடுத்து வாயில போட்டுக்கிட்டே!"

எனக்குச் சிரிப்பு வந்தது.

"சிரிக்காதேடா. எதிர்வீட்டு உம்மு ஸாஹிர் மகன் ஆறு அடுக்கினானாம். அவ ஜன்னல்ல நின்னு, உன் பேரைச் சேர்த்தே என்னைக் கூப்பிட்டுக் கேக்கறா, 'ஏன் உம்மு வஜ்தி, பிள்ளைக்குச் சோறே போடறதில்லையா'ன்னு. அந்த மிஸ் வேற அட்டையில ஏதோ எழுதிக்கிட்டாங்க. மந்தம்னுதான் எழுதியிருப்பாங்க. எனக்கு உடம்பெல்லாம் எரிஞ்சுது."

அம்மா குரலைத் தாழ்த்தினாள்.

"ஒரு கட்டையை எடுத்துக் கைக்குள்ள மறைச்சுட்டேன்."

அந்தக் கட்டையைக் கொண்டுபோய்த் தச்சர் அபூ ஸக்ரிடம் காட்டி, கதவுக்கு அறுத்ததில் மிஞ்சிய மரத்தில் பத்துக் கட்டை வெட்டி வாங்கியிருக்கிறாள். சிவப்புச் சாயமும் அவளே அடித்தாளாம். அடுத்த மாதம் மிஸ் வந்தபோது நான் எட்டு அடுக்கினேனாம்.

"அதோட விட்டேனா? அடுத்து என்ன கேப்பாங்களோன்னு பருப்பை ஒரு கிண்ணத்துல இருந்து இன்னொரு கிண்ணத்துக்குக் கொட்டப் பழக்கினேன். பேப்பர்ல இருக்கிற படத்தைக் காட்டிப் பேர் சொல்லிக்குடுத்தேன். நீ கெட்டிக்காரன்னு அவங்க எழுதினதெல்லாம் என் திருட்டுடா."

எனக்கு ஞாபகம் இருப்பது வேறு. ரொட்டி சுட்ட கையோடு, மாவைக்கூடக் கழுவாமல் அம்மா எனக்கு எதிரே தரையில் உட்கார்ந்திருப்பாள். கோபுரம் சரிந்தால் இரண்டு பேரும் சேர்ந்து கத்துவோம். எனக்குப் பின்னால் பிறந்த தங்கைகளும் அதே கட்டைகளைத்தான் அடுக்கினார்கள், சாயம் போய் மரம் தெரிகிற வரைக்கும்.

"இப்போ அந்தப் பொய்க் கணக்கைப் புத்தகமா போட்டிருப்பாங்க," என்றாள் அம்மா. "'அந்தக் கட்டைத் திருடி மகனா நீ?'ன்னு கேட்டு உன் சீட்டைக் கிழிச்சா? நானே வந்து சொல்லிடறேன்."

எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. மறுநாள் ஒரு டப்பா நிறைய மஅமூல் பலகாரத்தோடு எனக்கு முன்னால் பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

ரகீதா மிஸ்ஸுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும், "கட்டையைத் தின்ன வஜ்தியா?" என்று சிரித்தார்.

அம்மா சிரிக்கவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் ஒப்பித்தாள். கடைசியில், "பிள்ளை மேல தப்பில்லை மிஸ். தண்டனை எதுவானாலும் எனக்குக் குடுங்க," என்றாள்.

மிஸ் எழுந்து போய், அலமாரியிலிருந்து ஒரு பழைய ஃபைலை எடுத்து வந்தார். மிக மெல்லிய ஃபைல்.

"எனக்குத் தெரியும், உம்மு வஜ்தி."

"தெரியுமா?"

"ரெண்டாவது தடவை வந்தப்போவே தெரியும். பையன் உள்ளங்கை பூரா சிவப்பு. எங்க கட்டைச் சாயம் கையில ஒட்டாது."

ஃபைலை என் பக்கம் திருப்பினார். உள்ளே இரண்டே தாள்கள்.

"பாதி வீட்டுக்கு விளையாட்டுச் சாமான் குடுத்து, பிள்ளையோட எப்படி விளையாடறதுன்னு சொல்லிக்குடுப்போம். மீதி வீட்டுல ஒண்ணும் குடுக்காம, சும்மா பார்த்து எழுதிட்டு வருவோம். அப்புறம் ரெண்டையும் ஒப்பிடுவோம். உங்களுது குடுக்காத வீடு. நீங்களே கட்டை செஞ்சுட்டா நாங்க எதை ஒப்பிடறது?"

இரண்டாவது தாளின் அடியில் அவர் கையெழுத்து: 'இந்தத் தாய் குழந்தையோடு தினமும் விளையாடுகிறார். இந்த வீட்டைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.'

"அப்போ, என்னால பொய்க் கணக்கு எதுவும்…"

"ஒண்ணுகூடப் போகலை."

அம்மா அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சட்டென்று அவளுக்கு வேறொன்று உறைத்திருக்க வேண்டும்.

"ரெண்டாவது தடவையே எங்களைக் கணக்குல இருந்து எடுத்துட்டீங்கன்னா, அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் எதுக்கு வந்தீங்க? மழையில நனைஞ்சுக்கிட்டுக்கூட வந்தீங்களே? அட்டையை மடியில வெச்சு எழுதிக்கிட்டே வேற இருந்தீங்களே?"

"எழுதலை. சும்மா கிறுக்கிட்டு இருந்தேன்."

"ஏன் மிஸ்?"

ரகீதா மிஸ் கொஞ்சம் வெட்கத்தோடு ஃபைலை மூடினார்.

"பரீட்சை இல்லைன்னு தெரிஞ்சா, நீங்க பிள்ளையோட உட்காரறதை விட்டுடுவீங்களோன்னு பயம்."