சம்பந்தியின் பட்டுச்சட்டை

என் மகள் துளசிமணியின் கல்யாணத்துக்கு மேளம் வைக்கவில்லை. குளத்துக்கு வரும் பறவைகள் மிரளக் கூடாதென்று எங்கள் ஊரில் தீபாவளிக்குக்கூட வெடி போடுவதில்லை. பறவைகள் வருவது நின்று பல வருஷமாகியும் அந்தக் கட்டுப்பாட்டை நாங்கள் விடவில்லை.

சம்பந்தி கோமதிநாயகத்துக்கு அது பொறுக்கவில்லை. "வராத பறவைக்கு எதுக்குய்யா இந்த மரியாத? எங்க ஊரு மாதிரி மிஷின் பறவ வாங்கி விடுங்க. மாசி பொறந்தா டான்னு குளத்துல எறங்கும். நெசப் பறவைன்னே நெனைப்பிய," என்று பந்தல் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

தாலி கட்டி முடித்ததும் வடக்கு வானத்தில் ஒரு கூட்டம் தெரிந்தது. எல்லோரும் வாசலுக்கு ஓடினோம். வரித்தலை வாத்துகள் வட்டமடித்துக் குளத்தில் இறங்கின.

"எங்க ஊரு மிஷின்தான். வழி தவறி வந்திருக்கு," என்று சம்பந்தி சிரித்தார். அப்படியும் இருக்குமோ என்று எனக்கே சந்தேகம் வந்தது.

கடைசியாக வந்த வாத்து எங்கள் தலைக்கு மேல் தாழப் பறந்தது. சம்பந்தியின் பட்டுச்சட்டைத் தோளில் சொத்தென்று எச்சம் விழுந்தது.

இரை தின்னாத மிஷினுக்கு எச்சம் ஏது? ஊரே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றது. ஆனால் ஒருவர்கூடக் கைதட்டவில்லை.

என் மனைவி ஈரத்துணியோடு பதறி ஓடினாள். சம்பந்தி தோளை விலக்கிக்கொண்டார். குளத்தைப் பார்த்தபடி, அன்று முதல்முறையாகக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"மெதுவா வாங்க மைனி. தொடைக்காதீங்க. எங்க ஊருல கொண்டுபோய்க் காட்டணும்லா."